பாலுசெட்டி சத்திரத்திலிருந்து பட்டுப் பாதைக்கு... அப்பாவுக்காக ஒரு கஜகஸ்தான் திட்டம்!

"பட்டு எங்கிருந்தும்மா வந்துச்சு?"

திருப்புட்குழியில் 40 வருஷமாகக் குழித்தறியில் உட்கார்ந்து நெய்யும் அப்பா, ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டார். "சீனாவிலேருந்துப்பா. அந்தக் காலத்துல ஒட்டகத்துல ஏத்தி, மத்திய ஆசியா வழியா கொண்டுபோவாங்களாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வழிய ஒருதடவை பார்க்க முடியுமா?" என்றார்.

திருப்பதி, பெங்களூரு தாண்டிப் போகாத மனுஷர். வயது 66. முழங்கால் வலி வேறு. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எங்கள் வீட்டுக் கஜகஸ்தான் திட்டம். உங்கள் வீட்டிலும் இப்படியொரு ஆசை இருந்தால், நாங்கள் கற்றுக்கொண்டது உதவும்.

முதல் திட்டம் ஏன் தோற்றது?

தம்பி மடிக்கணினியில் ஒரு வரைபடம் போட்டான். அல்மாட்டியில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, தலைநகர் அஸ்தானா, பைக்கனூர், ஆரல் கடல் என்று நாட்டையே ஒரு சுற்று. 1984 ஏப்ரல் 3-ல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குக் கிளம்பியது பைக்கனூரிலிருந்துதான். அதனால் தம்பிக்கு அதை விட மனசில்லை.

பிரச்னை தூரத்தில் இருந்தது. கஜகஸ்தானின் பரப்பு சுமார் 27 லட்சம் சதுர கிலோமீட்டர். உலகின் ஒன்பதாவது பெரிய நாடு. நம் தமிழ்நாட்டைப் போல 20 மடங்கு. ஆனால், மக்கள்தொகை சுமார் 2 கோடிதான். ஊருக்கும் ஊருக்கும் நடுவே பல மணி நேரம் வெறும் புல்வெளி. பைக்கனூர் ஏவுதளமோ ரஷ்யாவின் குத்தகையில் இருக்கிறது. உள்ளே போக முன்கூட்டியே தனி அனுமதி வேண்டும்.

வரைபடத்தைப் பார்த்த அப்பா, "இதுல இறங்கி நின்னு பார்க்க நேரம் எங்கடா இருக்கு?" என்றார். அதோடு அந்தத் திட்டம் முடிந்தது.

14 நாள் கணக்கு

சாதாரண பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்தியர்கள் 2022 ஜூலை முதல் விசா இல்லாமலேயே கஜகஸ்தான் போகலாம். ஒருமுறை போனால் 14 நாள் வரை. 180 நாளில் மொத்தம் 42 நாள் வரை. விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் போடும் முன் தூதரக இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

14 நாள் கிடைக்கிறதே என்று 14 நாளுக்கும் திட்டம் போடாதீர்கள். ஒரு ரயில் தவறினாலோ, காய்ச்சல் வந்தாலோ கெடு தாண்டிவிடும். நாங்கள் 10 நாளோடு நிறுத்திக்கொண்டோம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தறி நின்றால் கூலி கிடையாது. பத்து நாள் என்பது அப்பாவுக்கு ஏறக்குறைய ஒரு புடவையின் கூலி. செலவுக் கணக்கில் அதையும் ஒரு வரியாக எழுதினோம்.

காருக்குப் பதில் ரயில்

இரண்டாவது திட்டத்தில் தெற்குப் பகுதி மட்டும். பழைய பட்டுப் பாதை போனதும் அந்தப் பக்கம்தான். டெல்லியிலிருந்து அல்மாட்டிக்கு நேரடி விமானம் உண்டு. நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மூன்று நாள் அல்மாட்டியில். பிறகு இரவு ரயிலில் துர்கிஸ்தான்.

அங்கே சூஃபி ஞானி கோஜா அகமது யசாவியின் நினைவு மண்டபம் இருக்கிறது. தைமூர் கட்டச் சொன்னது. 1405-ல் அவர் இறந்ததும் வேலை பாதியில் நின்றுபோனது. 2003-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. பக்கத்திலேயே ஓத்ரார் என்ற பழைய வணிக நகரத்தின் இடிபாடுகள். 1218-ல் செங்கிஸ்கான் அனுப்பிய வணிகக் கூட்டத்தை அந்த ஊர் ஆளுநர் கொன்றார். அதற்குப் பழிவாங்க வந்த மங்கோலியப் படை ஊரையே அழித்தது. "சரக்கு கொண்டுபோன வியாபாரிங்களைப் போய் கொன்னுட்டானுங்களே" என்று அப்பா ரொம்ப நேரம் வருத்தப்பட்டார்.

ரயிலில் 'கூப்பே' என்பது கதவுள்ள நாலு படுக்கை அறை. 'பிளாட்ஸ்கார்ட்' என்பது நம் ஸ்லீப்பர் போலத் திறந்த பெட்டி, கட்டணம் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ்ப் படுக்கை முக்கியம் என்பதால் டிக்கெட்டை முன்கூட்டியே போடுங்கள். பெட்டிக்குப் பெட்டி வெந்நீர் கொதிகலன் இருக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்ய?

அம்மாவின் கவலை இதுதான். குதிரைக்கறி வரை சாப்பிடும் நாடு, நாங்களோ சைவம். ஆனால், அங்கே ரொட்டிக்குப் பெயரே 'நான்'தான். டீயை 'ஷாய்' என்பார்கள், பாலும் ஊற்றுவார்கள். அல்மாட்டியின் பச்சைச் சந்தையில் பழம், உலர் பழம், பருப்பு வகைகள் கிடைக்கும். இன்று நாம் சாப்பிடும் ஆப்பிளின் மூதாதை அந்த மலைக்காடுகளில் விளைந்ததுதான். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல் எடுத்துக்கொண்டால் வெந்நீரிலேயே ஒருவேளை ஓடிவிடும்.

கசாக், ரஷ்ய மொழிகள்தான் அங்கே புழக்கம். மொழிபெயர்ப்புச் செயலியில் ரஷ்ய மொழியை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். 'இறைச்சி வேண்டாம்' என்பதை ரஷ்ய மொழியில் ஒரு அட்டையில் எழுதிக்கொள்வது இன்னும் நல்லது. குளிர்காலத்தில் அஸ்தானா பக்கம் மைனஸ் 30 டிகிரி வரைகூடப் போகும். தெற்கே மே, செப்டம்பர் மாதங்கள் இதமானவை. மருத்துவக் காப்பீட்டையும் மாத்திரைச் சீட்டையும் மறக்க வேண்டாம்.

பாதி வழியில் திரும்பினாலும்...

இவ்வளவுக்குப் பிறகும் அம்மா தயங்கினார். "வழியில இவருக்கு முடியாம போச்சுன்னா?"

ராமானுஜர், யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டது எங்கள் ஊரில்தான் என்பார்கள். குருவோடு காசி யாத்திரை கிளம்பியவர், ஆபத்து என்று தம்பி கோவிந்தன் எச்சரித்ததும் விந்திய மலைக்காட்டிலேயே பிரிந்து காஞ்சிக்குத் திரும்பினார் என்பது கதை. அதைத்தான் அப்பா சொன்னார். "ராமானுஜரே பாதியில திரும்பி வந்தாரு. முடியலைன்னா நாமளும் திரும்பிடுவோம்."

அதையும் திட்டத்தில் சேர்த்தோம். திரும்பும் விமான டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாகப் போட்டோம். விலை கொஞ்சம் கூடுதல்தான். அம்மாவும் வருகிறார்.

செப்டம்பரில் கிளம்புகிறோம். தறியில் இருக்கும் புடவையை அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பெட்டி கட்டுவேன் என்கிறார் அப்பா. இன்னும் முந்தானைதான் பாக்கி!