பனித்துளி கற்பிக்கும் பாடம்

மார்கழி பிறந்ததும் நம் இல்லங்களில் ஓர் எச்சரிக்கை ஒலிக்கத் தொடங்குகிறது: "பனியில் இறங்காதே, சளி பிடிக்கும்." அரையாண்டு விடுமுறையில் நம் குழந்தைகள் நான்கு சுவர்களுக்குள் அடைபடுவதற்கு இவ்வச்சமும் ஒரு காரணம். ஆனால் சளியை உண்டாக்குவது பனியன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் வைரஸ் கிருமிகளே. ஆஸ்துமா உள்ள குழந்தைகளைக் குளிர்காற்றினின்று காப்பது நம் கடமைதான். ஏனைய குழந்தைகளைத் தக்க ஆடை அணிவித்து வெளியே விளையாட விடுவதில் தீங்கில்லை.

விளையாட்டாகவே அவர்கள் கற்கக்கூடியவை பல. "பனி பெய்கிறது" என்கிறோம். மழையைப்போல் அது வானத்திலிருந்தா விழுகிறது? மாலையில் ஒரு கண்ணாடித் தம்ளரைப் புல்லின்மீது குழந்தைகள் கவிழ்த்து வைக்கட்டும். மறுநாள் காலையில் அதன் உட்புறத்திலும் நீர்த்துளிகள் அரும்பியிருக்கக் காண்பார்கள். மேலிருந்து விழுந்த துளி கண்ணாடியைத் துளைத்து உள்ளே செல்லுமோ?

வானம் தெளிந்த இரவில் புல்லும் இலையும் தம் வெப்பத்தை இழந்து, சூழ்ந்துள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. அவற்றைத் தொடும் காற்றிலுள்ள நீராவியே துளியாகிறது. மேகம் மூடிய இரவில் பனி குறைவதும் இதனால்தான்.

இதனை விளக்கி 1814-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட வில்லியம் சார்லஸ் வெல்ஸ், லண்டனில் வாழ்ந்த மருத்துவர். அவர் கையாண்ட கருவி சிறு கம்பளிக் கொத்துகளே! அவற்றை எடைபோட்டு, இரவில் வெவ்வேறிடங்களில் வைத்து, பின்னர் மீண்டும் எடைபோட்டு, சேர்ந்த பனியைக் கணக்கிட்டார். நம் குழந்தைகளுக்குப் பஞ்சுருண்டைகள் போதும். திறந்த வெளியில் ஒன்று, மரத்தடியில் ஒன்று வைக்கட்டும். மரத்தடிப் பஞ்சில் ஈரம் குறைந்திருக்கும். மேகத்தைப்போலவே கிளைகளும் வெப்பம் விரைந்து வெளியேறாமல் காக்கின்றன.

வெயில் ஏறியபின் வேறொரு விளையாட்டு. ஒரு மீட்டர் உயரமுள்ள கோலை நேராக நட்டு, நண்பகல் நிழலை அளக்கச் செய்வோம். டிசம்பர் 22-ஐ ஒட்டிச் சென்னையில் அது வடக்கு நோக்கி ஏறத்தாழ 74 செ.மீ. நீளும். ஏப்ரல் இறுதியில் அதே கோலின் நிழல் நண்பகலில் அடியிலேயே ஒடுங்கிவிடும். கதிரவன் தென்திசை சாய்ந்திருப்பதும், குளிர் ஏன் வந்தது என்பதும் குழந்தைக்குத் தானே விளங்கத் தொடங்கும்.

இவற்றுக்குப் பெரிய தோட்டம் வேண்டுவதில்லை. மொட்டைமாடியில் நான்கு தொட்டிச் செடிகள் இருந்தாலே போதும். நாம் செய்ய வேண்டுவது ஒன்றே: விடையை முந்திக்கொண்டு சொல்லாமல், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பது. புத்தகத்தில் படித்தது தேர்வோடு மறந்துபோகலாம்; தன் கையால் பிழிந்த பனிநீரைக் குழந்தை எளிதில் மறவாது.