ஆள் பழக்கமா, உடல் உழைப்பா? இணையவழி விற்பனையில் இறங்கும் எமது கிராமங்கள்

"ஆளைத் தெரிந்தால்தான் அலுவல் நடக்கும்" என்பது எம்மிடையே நெடுநாளாகப் பழகிப்போன பேச்சு. கந்தோரில் ஒரு கடிதம் எடுப்பது முதல் பிள்ளைக்கு வேலை தேடுவது வரை இப்பேச்சைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். இப்போது இணையவழி விற்பனை பற்றியும் இதுவே சொல்லப்படுகிறது. கைத்தொலைபேசியில் ஐந்நூறு பேரின் இலக்கங்கள் இருந்தால் போதும், சாமான் தானாக விலைப்படும் என்கின்றனர் ஒரு சாரார். அதெல்லாம் வீண் கதை, விடிய எழும்பிப் பாடுபட்டுத் திறமான பொருளைச் செய்தால் வாங்குபவர் வீடு தேடி வருவார் என்கின்றனர் மறு சாரார்.

இது திண்ணைப் பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் மாதர் சங்கத்தில் கடன் எடுத்தும், காதிலும் கழுத்திலும் கிடந்ததை அடகு வைத்தும் இத்தொழிலில் இறங்குகிறவர்கள் எமது கிராமங்களில் பெருகி வருகின்றனர். எதை நம்பிப் பணத்தைப் போடுவது என்பது அவர்களுக்கு அடுப்பெரியும் கேள்வி. ஆகவே இதனைச் சற்று ஆறுதலாகப் பார்ப்பது நன்று என எண்ணுகிறோம்.

உழைப்பின் பக்கமிருந்தே தொடங்குவோம். யாழ்ப்பாணத்து ஒடியல் மாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தைப் பொறுக்க வேண்டும். விதையைப் பாத்தியில் அடுக்கி மூன்று நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். பின்னர் கிழங்கைக் கிண்டி, தோலுரித்து, கிழித்து, வெயிலில் காயப்போட்டு, இடித்து அரித்தெடுக்க வேண்டும். இடையில் ஒரு மழை பெய்தால் காய்ந்ததெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு கிலோ மாவுக்குள் எத்தனை நாட் கூலி அடங்கியிருக்கிறது என்பதை அதைச் செய்பவர்கூட எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வளவும் செய்து பொதி கட்டி வைத்தபின் அது வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. ஏனெனில் பக்கத்து வீட்டிலும் அதே மா இருக்கிறது. பனை உள்ள ஊரில் ஒடியல் மாவுக்கு ஆளில்லை. ஆளுள்ள ஊரில் பனை இல்லை. உழைப்பு மட்டும் போதும் என்பவர்கள் இந்த இடைத்தூரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அந்தத் தூரத்தைக் கடக்க ஆள் பழக்கம் வேண்டும் என்பது சரி. ஆனால் எந்த ஆட்களின் பழக்கம்?

இவ்விடத்தில் ஓர் ஆய்வினைக் குறிப்பிடுவது பொருத்தம். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், பொஸ்ரன் நகருக்கு அண்மையிலுள்ள நியூற்றனில் வேலை மாறியவர்களைப் பற்றி எழுதினார். தெரிந்த ஒருவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், தகவல் தந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்கப்பட்டது. கிழமைக்கு இரு தடவையாவது காணும் நெருங்கியவரிடமிருந்து தகவல் பெற்றோர் நூற்றுக்கு 16.7 பேர் மட்டுமே. எப்போதாவது காண்பவரிடமிருந்து பெற்றோர் 55.6. ஆண்டுக்கு ஒருமுறை அல்லது அதிலும் குறைவாகக் காண்பவரிடமிருந்து பெற்றோர் 27.8. நெருங்கிய உறவைவிடத் தூரத்துப் பழக்கமே வேலையைக் கொண்டு வந்திருக்கிறது. காரணம் எளிது. எம்முடன் தினமும் இருப்பவருக்கு எமக்குத் தெரிந்ததே தெரியும். தூரத்தில் இருப்பவர் வேறு ஆட்களிடையே வாழ்கிறார்; எம் காதுக்கு எட்டாத செய்தி அவர் காதுக்கு எட்டுகிறது.

அவர் ஆராய்ந்தது வேலை தேடுதலை, மா விற்பதை அல்ல. அமெரிக்க நகரத்துக் கணக்கை அப்படியே எமது ஊருக்குப் பொருத்திவிட முடியாது. எனினும் அதன் தர்க்கம் எமக்கு அந்நியமானதன்று. ஒரே குறிச்சியைச் சேர்ந்த இருபது பெண்கள் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்ந்து தத்தம் மிளகாய்த் தூளை ஒருவருக்கொருவர் விளம்பரப்படுத்துவதைக் கண்டிருக்கிறோம். குழு காலை முதல் இரவு வரை கலகலப்பாக இருக்கிறது. தூள் மட்டும் நகர்வதில்லை. அதே ஊரில் முன்பு படிப்பித்து இப்போது பதுளையில் இருக்கும் ஆசிரியை, கொழும்பில் தாதியாக வேலை செய்யும் பள்ளித் தோழி, ரொறன்ரோவில் கடை வைத்திருப்பவரின் மைத்துனர் ஆகியோருக்கு ஒரு செய்தி அனுப்புவோமென்று எவருக்கும் தோன்றுவதில்லை. வருடக்கணக்காகப் பேசாதவருக்கு எப்படி எழுதுவது என்ற கூச்சந்தான் தடை. கூச்சத்தைக் குறை சொல்லவில்லை, அது எமது பண்பாட்டில் உள்ளது. ஆனால் விற்பனையில் அதற்கு விலை உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உறவினர் முதல் தடவை வாங்குவது பெரும்பாலும் முகத்தாட்சண்யத்துக்காக. அதை வைத்து வியாபாரம் பிடித்துவிட்டது என்று நம்பி, அடுத்த மாதமே இரண்டு மடங்கு மூலப்பொருள் வாங்கியவர்கள் உண்டு. இரண்டாவது ஓடர் வருகிறதா, அதுவும் முன்பின் தெரியாதவரிடமிருந்து வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஓடரைக் கொண்டு வருவது சுத்தமாக அரித்த மாவும், ஒட்டுக் கழராத பொதியும், சொன்ன நாளில் போய்ச் சேர்ந்த பார்சலுமே. இங்கே ஆள் பழக்கம் ஒதுங்கிக்கொள்ள உழைப்பு முன்வருகிறது.

ஒரு பிளாஸ்ரிக் பெட்டியின் கதை

பழக்கமும் உழைப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதற்கு ரப்பர்வெயாரின் வரலாறு நல்ல உதாரணம். ஏர்ள் ரப்பர் என்ற அமெரிக்கர் 1940களில் காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்ரிக் பாத்திரத்தைச் சந்தைக்கு விட்டார். பொருள் நன்று. ஆயினும் கடைகளில் அது சரியாக விலைப்படவில்லை. மூடியை எப்படி அழுத்திப் பூட்டுவது என்பது சனங்களுக்கு விளங்கவில்லை. பிரவுணி வைஸ் என்ற பெண் அதனை வீடுகளில் அயலவரைக் கூட்டி, கையால் செய்து காட்டி விற்றார். தனியே பிள்ளை வளர்த்த தாய் அவர். அவரது விற்பனையைக் கண்டு வியந்த ரப்பர், 1951 இல் அவரை வீட்டு விற்பனைப் பிரிவின் துணைத் தலைவராக்கினார். பொருளைக் கடைகளிலிருந்தும் விலக்கிக்கொண்டார். 1954 இல் 'பிஸ்னஸ் வீக்' சஞ்சிகையின் அட்டையில் இடம்பெற்ற முதற் பெண் பிரவுணி வைஸ்.

அயலவர் கூடியதால் மட்டும் பெட்டி விற்றுவிடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நின்று, மூடியைத் திறந்து பூட்டிக் காட்டி, கேள்விக்கு மறுமொழி சொன்னதால் விற்றது. அதாவது அங்கே பழக்கமே ஓர் உழைப்பாக இருந்தது.

கதையின் பிற்பகுதியை விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் அதிகம் சொல்வதில்லை. 1958 ஜனவரியில் பிரவுணி வைஸ் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நிறுவனத்தில் அவருக்கு ஒரு பங்குகூட இருக்கவில்லை. ஓராண்டுச் சம்பளத்துடன் வெளியேறினார். அதே ஆண்டில் ரப்பர் தமது நிறுவனத்தை 1 கோடி 60 இலட்சம் டொலருக்கு விற்றார். நாடு முழுவதும் அவர் கட்டியெழுப்பிய பழக்கங்கள் அவருக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

இன்று முகநூலில் பக்கம் திறந்து ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருப்பவரின் நிலையும் இதற்குப் பெரிதும் வேறானதல்ல. அந்த ஆயிரம் பேரும் அவருடைய கையில் இல்லை, அந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறார்கள். 2018 மார்ச்சில் திகன வன்செயல்களை அடுத்தும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்தும் இலங்கையில் சமூக ஊடகங்கள் நாட்கணக்கில் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் சுமார் 15 மணித்தியாலங்கள் முடக்கப்பட்டன. 2021 ஒக்ரோபர் 4 ஆம் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் செயலிழந்தன. இத்தகைய நாட்களில் கைகொடுப்பது, வாடிக்கையாளரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், கடைசியாக வாங்கிய பொருள் ஆகியவற்றை எழுதி வைத்த ஒரு சீ.ஆர். கொப்பி. விலை மிகக் குறைந்த முதலீடு இதுவே. ஆனால் பலரிடம் இல்லாததும் இதுதான்.

ஆளையே பொருளாக விற்கும் வியாபாரம்

'நெட்வேர்க்' என்ற சொல் எமது ஊர்களில் இப்போது வேறொரு வேடத்திலும் உலாவுகிறது. "ஒன்லைன் மார்க்கற்றிங்" என்று அழைத்துக்கொண்டு போய், ஒரு தொகையைக் கட்டச் செய்து, ஆறு பேரைச் சேர்த்தால் கொமிசன், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால் மேலும் கொமிசன் என்று படம் வரைந்து காட்டுகிறார்கள். படித்த இளைஞர்களும் இதில் விழுகின்றனர். பேராசைதான் காரணம் என்று சொல்லிவிடுவது இலகு. வேலையின்மையையும் சேர்த்துச் சொல்லாதவரின் புத்திமதியை நாம் பெரிதாக எடுப்பதில்லை.

ஒரு கடதாசியை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். முதற் படியில் 6 பேர், இரண்டாவதில் 36, மூன்றாவதில் 216. எட்டாம் படியில் 16 இலட்சத்து 79 ஆயிரத்தைத் தாண்டும். இது வட மாகாணத்தின் மொத்தச் சனத்தொகையிலும் அதிகம். ஒன்பதாம் படியில் ஒரு கோடி. பத்தாம் படியில் ஆறு கோடி. 2024 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் உள்ளவர்களோ சுமார் 2 கோடி 17 இலட்சம் பேர்தான். கைக்குழந்தைகளைச் சேர்த்தாலும் பத்தாம் படிக்கு ஆட்கள் போதாது. சங்கிலி எங்கே அறுந்தாலும் கடைசிப் படியில் நிற்பவர்களே மிகப் பெருந்தொகையினர்; அவர்களுக்குக் கீழே எவரும் இல்லை. இங்கே எவ்வளவு பாடுபட்டாலும் கணக்கு மாறாது. பாடுபடும் ஒருவர் தமது உறவினரையும் நண்பரையும் இன்னும் விரைவாக இழப்பார், அவ்வளவே.

இலங்கையில் இது குற்றம். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவு, இத்தகைய கூம்பகத் திட்டங்களைத் தொடங்குவதையும் நடத்துவதையும் ஊக்குவிப்பதையும் விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. ஆகவே ஆளைச் சேர்த்துவிடும் ஊர்ப் பிள்ளையும் வழக்கில் மாட்டலாம். தடை செய்யப்பட்ட திட்டங்களை நடத்திய நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டு வருகிறது. பணம் கட்டுமுன் அங்கே விசாரிப்பது செலவில்லாத காரியம்.

நேர்மையான நேரடி விற்பனைக்கும் இதற்கும் வேறுபாடு எங்கே? அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 1979 இல் அம்வே நிறுவனத்தின் வழக்கில் இதை ஆராய்ந்தது. விற்காத பொருளைத் திரும்ப எடுத்தல், வாங்கியதில் நூற்றுக்கு 70 பங்கையாவது விற்றிருத்தல், மாதத்தில் பத்து வாடிக்கையாளருக்காவது சில்லறையாக விற்றிருத்தல் என்னும் விதிகள் அந்நிறுவனத்தில் இருந்ததைக் கவனத்தில் கொண்டு, அது கூம்பகத் திட்டம் அல்ல எனத் தீர்த்தது. வேறு சில விடயங்களில் அந்நிறுவனம் கண்டிக்கவும்பட்டது. 2016 இல் ஹேர்பலைவ் நிறுவனம் அதே ஆணைக்குழுவுடன் செய்த இணக்கத்தின்படி 20 கோடி டொலர் செலுத்தியது. சேர்க்கப்பட்ட ஆட்களுக்காக அன்றி, விற்ற பொருளுக்காகக் கொடுப்பனவு வழங்கும்படி தனது முறையை மாற்றவும் உடன்பட்டது. மறுவருடம் நட்டப்பட்ட சுமார் மூன்றரை இலட்சம் பேருக்குக் காசோலைகள் அனுப்பப்பட்டன. எம்மிடம் யாராவது வந்து சேரச் சொன்னால் ஒரு கேள்வி போதும்: "நான் ஒருவரையும் சேர்க்காமல் சாமானை மட்டும் விற்றால், செலவு போக எவ்வளவு கிடைக்கும்?" நேரான மறுமொழி வராவிட்டால் எழும்பி வந்துவிடலாம்.

கணக்கில் வராத வேலை

இணையவழி விற்பனையில் இறங்கிய வீடுகளில் நாம் காணும் பெரிய குறை வேறொன்று. மா இடிப்பதை வேலை என்கிறார்கள்; ஆட்களுடன் தொடர்பு வைத்திருப்பதை எவரும் வேலையாக எண்ணுவதில்லை. இரவு பத்து மணிக்கு வரும் "விலை என்ன?" என்ற கேள்விக்கு மறுமொழி எழுதுவது, வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுப்பது, விலாசத்தைச் சரிபார்ப்பது, பார்சலைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் நகருக்குப் போவது, கிடைத்ததா என்று கேட்பது எல்லாம் பெரும்பாலும் ஒரே பெண்ணின் தலையில் விழுகின்றன. சமையலும் பிள்ளைகளின் படிப்பும் இதற்கு மேலதிகம்.

பொருள் கையில் கிடைத்ததும் பணம் என்ற முறையில் அனுப்பும்போது, வாங்குபவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் பார்சல் திரும்பி வரும்; கூலி விற்பவர் தலையில். உதாரணமாக, ஒரு பொதியில் 150 ரூபா மிஞ்சுகிறதென்றும் திரும்பி வரும் ஒரு பார்சலுக்கு 450 ரூபா செலவாகிறதென்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பார்சல் திரும்பினால் மூன்று பொதியின் இலாபம் போய்விடும். அனுப்புமுன் ஒருமுறை அழைத்துப் பேசுவது இதனாலேயே அவசியம்.

தனியாள் இதையெல்லாம் தாங்குவது கடினம். எட்டுப் பத்துப் பேர் கொண்ட மாதர் சங்கமாக இருந்தால் வேலையைப் பிரிக்கலாம். நன்றாகப் பேசத் தெரிந்தவர் தொலைபேசியை வைத்திருக்கட்டும். கைச்சுத்தமானவர் பொதி கட்டட்டும். கணக்கில் கெட்டிக்காரி கொப்பியை எழுதட்டும். சிங்களமும் பேசக்கூடிய ஒருவர் இருந்தால் சந்தை இரு மடங்காகும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவதற்கும், சுட்டியில் நிறை, காலாவதித் திகதி, விலாசம் முதலியவற்றைச் சரியாகப் போடுவதற்கும் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் அவரது வேலையே.

விலை போடும்போது தொலைபேசி வைத்திருப்பவரின் நேரத்துக்கும் கூலி சேர்க்கப்பட வேண்டும். "அவ சும்மா இருந்து போன்தானே பார்க்கிறா" என்று மா இடிப்பவர்கள் முறுகுவதும், "நான் இல்லாவிட்டால் உங்கட மா ஆருக்கு விற்கும்?" என்று அவர் திருப்பிக் கேட்பதும் நடக்கும். ஆகவே இடிப்பதற்கு மணித்தியாலத்துக்கு எவ்வளவு, போன் பார்ப்பதற்கு எவ்வளவு என்பதைப் பனம்பழம் விழத் தொடங்குமுன்னரே பொதுக்கூட்டத்தில் பேசி, கூட்டக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டு வைப்பது நன்று.