தூக்குக்கு முன்னால் உள்ள படிகள்

சிறு பிள்ளையைக் கொன்றவருக்குத் தூக்கு என்பது இந்தியச் சட்டத்துக்குப் புதிதல்ல. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 302-ஆம் பிரிவிலேயே அதற்கு இடம் இருந்தது. வன்புணர்ந்ததற்காக மட்டுமே, பிள்ளை உயிரோடு இருந்தாலும், குற்றவாளிக்கு அதுவே முதல் குற்றமானாலும் தூக்கு விதிக்கலாம் என்று ஆனது 2018-இல்தான். ஜம்முவின் கதுவாவில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையால் நாடு கொதித்துக் கிடந்த அந்த ஏப்ரலில் வந்த அவசரச் சட்டம், 12 வயதுக்கு உட்பட்ட சிறுமியை வன்புணர்ந்தவருக்கு மரண தண்டனை வரை விதிக்க வழி செய்தது. பையன்களை அது மறந்துவிட்டது. அந்தக் குறையை 2019 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் திருத்தம் தீர்த்தது. ஆணோ பெண்ணோ, 18 வயது நிறையாத பிள்ளையிடம் கொடிய பாலியல் வன்செயல் புரிந்தவருக்குக் குறைந்தது 20 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் தூக்கு. குற்றம் செய்தவர் உறவினராகவோ காவல் துறையினராகவோ இருந்தால் அதுவே குற்றத்தின் கடுமையைக் கூட்டும் என்றும் போக்சோ சொல்கிறது.

அதிகபட்சம் என்றால் கட்டாயம் என்று பொருளல்ல. ‘அரிதினும் அரிதான’ வழக்கில் மட்டுமே தூக்கு என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. மாவட்ட அளவில் விதிக்கப்படும் தூக்கை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தாக வேண்டும். அதன்பின் உச்ச நீதிமன்றம், சீராய்வு மனு, கருணை மனு. தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் ஆட்டோ சங்கர், சேலம் சிறையில், 1995 ஏப்ரலில். பிள்ளைகளைக் கொன்றதாகத் தூக்கு விதிக்கப்பட்ட யாரும் அதற்குப் பின் இங்கே கயிறு வரை போகவில்லை.

கோவையில் 2010-இல் அக்காவும் தம்பியும் பள்ளிக்குப் போகும் வழியில் கடத்திக் கொல்லப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட இருவரில் ஒருவர் சில நாட்களிலேயே போலீஸ் என்கவுன்டரில் செத்தார்; ஊர் பட்டாசு வெடித்தது. மற்றவரின் தூக்கை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, அதுவும் ஒருமனதாக அல்ல. நீதிபதிகள் நாரிமன், சூர்ய காந்த் இருவரும் தூக்கு என்றார்கள். சஞ்சீவ் கன்னா ஆயுள் போதும் என்றார். கடலூர் மாவட்டத்தில் 2009-இல் ஏழு வயதுச் சிறுவனைக் கடத்திக் கொன்றவரின் தூக்கை 2013-இல் உறுதிசெய்த அதே உச்ச நீதிமன்றம், 2023 மார்ச்சில் அதை 20 ஆண்டுக்குக் குறையாத ஆயுளாக மாற்றியது. குற்றவாளி திருந்தக்கூடியவரா என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் ஆராயவே இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணம்.

முகலிவாக்கம் வழக்கு இவற்றைவிட உறுத்தலானது. 2017 பிப்ரவரியில் சென்னையின் ஓரத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். ஓராண்டில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் ஓர் இளைஞருக்குத் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் சில மாதங்களில் உறுதிசெய்தது. வேகமான நீதி என்று பலர் மெச்சினார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த இளைஞரை விடுதலையே செய்துவிட்டது. கேமரா பதிவு முறையாக நிரூபிக்கப்படவில்லை, சாட்சியங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. குற்றச்சாட்டு பதிவானபோது அவருக்கு வக்கீலே இல்லை. ஆக, அந்தப் பிள்ளையைக் கொன்றது யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் இன்று விடை இல்லை.

வடசென்னையின் வழக்கு வேறு விதம். வண்ணாரப்பேட்டையில், 2020 நவம்பரில் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு ஒரு புகார் வந்தது: 13 வயதுச் சிறுமியைப் பாலியல் தொழிலில் தள்ளிப் பலரிடம் அனுப்பியிருக்கிறார்கள். தள்ளியவர்களில் உறவுக்காரர்கள் உண்டு. கைதானவர்களில் எண்ணூர் காவல் நிலைய ஆய்வாளரும் ஓர் அரசியல் கட்சிக்காரரும் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் சென்னை போக்சோ நீதிமன்றம் 21 பேரைக் குற்றவாளிகள் என்றது. எட்டுப் பேருக்கு ஆயுள். ஆய்வாளர் உட்பட 13 பேருக்கு 20 ஆண்டு. தூக்குக்கு வழிவிட்ட திருத்தம் வந்த பிறகு நடந்த வழக்குதான் இது. ஆனாலும் ஒருவருக்கும் தூக்கு இல்லை. 21 பேர் மீதும் குற்றம் நிரூபணமானதே இங்கே பெரிய காரியம்.

போக்சோ வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றம் சாட்டப்படுபவர் பிள்ளைக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் ஆண்டுதோறும் சொல்கிறது. மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ தூக்கில் தொங்குவார் என்றால் வீடு வாய் திறக்குமா என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-இல் கென்னடி வழக்கில், பிள்ளை உயிரோடிருக்கும் வன்புணர்வுக்கு மரண தண்டனை கூடாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்த்தபோது இதையும் எடுத்துப் பேசியது. எப்படியும் தூக்குதான் என்றால் சாட்சியான பிள்ளையையே கொன்றுவிடலாம் என்று குற்றவாளி நினைக்கக்கூடும் என்ற கவலையும் அதில் இருந்தது.

வீட்டின் மௌனத்தைப் போக்சோ வேறு வழியில் உடைக்கப் பார்க்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாத பெரியவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. வழக்கை நீதிமன்றம் ஏற்ற 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியம் பதிவாக வேண்டும். கூடுமானவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும். பிள்ளை சொல்வதை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, கூடுமானவரை பெண் அதிகாரி, கேட்டு எழுத வேண்டும்.