சிம்பா தமிழில் பேசினால்...

"லயன் கிங் தமிழிலா? சிரிப்புத்தான் வரும்!" எங்கள் புலனக் குழுவில் அப்படி எழுதியவள் நான்தான். 1994-இல் வெளிவந்த அந்தப் படத்தின் ஆங்கிலப் பாடல்கள் எங்களுக்கு மனப்பாடம்.

தோழி ஒருத்தி பதில் போட்டாள்: அன்று தமிழில் சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவர் அரவிந்த்சாமி. 2019-இல் வந்த மறுஆக்கத்தில் அவரே வில்லன் ஸ்காரின் குரல், சிம்பாவாகச் சித்தார்த்.

ஆர்வம் தாங்காமல், ஜோர்ஜ்டவுனில் உள்ள பாட்டி வீட்டில் அந்தத் தமிழ்ப் பதிப்பைப் போட்டேன். நான் ஆங்கிலத்தில் பார்க்கும்போதெல்லாம் எழுந்து சமையலறைக்குப் போய்விடும் பாட்டி, அன்று இறுதிவரை நகரவில்லை. முஃபாசா இறந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாணவர்களே, நமக்குப் பிடித்ததைக் குழுவில் பகிர்கிறோம். வீட்டிலும் பகிர்வோமே!