உற்ற காலத்துச் செய்தி

உழையாமையே வறுமைக்குக் காரணம் என்பார் பலர். உழைத்துப் பெற்ற பொருளை எங்கே விற்பதென்று அறியாமையும் வறுமையை வளர்க்கும். இதற்குக் கேரளத்து மீனவர் கண்ட அநுபவம் தக்க சான்றாகும்.

1997ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி காலை, வடகரை என்னும் ஊரின் மீன் சந்தையிலே 11 மீனவர் கொள்வாரின்றி நின்றனர். அதே வேளையில், 15 கிலோமீற்றர் எல்லைக்குள் அமைந்த சோம்பாலா, கொயிலாண்டி என்னும் சந்தைகளிலே 27 வணிகர் மீன் கிடையாது வெறுங்கையராய்த் திரும்பவிருந்தனர். ஒரு பக்கத்தார் நிலையை மறுபக்கத்தார் அறிந்திலர்.

பொருளியலறிஞர் றொபேட் யென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வில் இச்செய்தி காணப்படுகின்றது. 1997 முதல் 2001 வரை அக்கரையோரத்திலே கைத்தொலைபேசி படிப்படியாகப் பரவிற்று. மீனவர் கடலில் நின்றவாறே சந்தைதோறும் விலை வினவி, நல்ல விலை கிடைக்குமிடத்தை நாடிப் படகைச் செலுத்தினர். முன்னர் நாள்தோறும் பிடித்த மீனில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வீணாயிற்று. பின்னர் அவ்விழப்பு நீங்கிற்று. மீனவர் இலாபம் சராசரி நூற்றுக்கு 8 வீதம் உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலையோ 4 வீதம் தாழ்ந்தது. இருசாராரும் பயன் பெற்றது எங்ஙனம்? வீணாய்ப் போன மீன், வேண்டியவர் கையைச் சேர்ந்தமையாலன்றோ!

ஆயினும், கருவி வாங்க இயலாதார்க்கும் அயல்மொழி அறியாதார்க்கும் வழி யாது? எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு நிலையங்களைத் தொடங்கி இதற்கு விடை கண்டது. வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரிலே, அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் தந்த அலையுயரக் கணிப்பைக் கணினியிற் பெற்று, தமிழில் ஒலிபெருக்கி வாயிலாக அறிவித்தனர். எழுத்தறியாதாரும் கேட்டுப் பயன் கொண்டனர்.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது, புதுச்சேரியின் நல்லவாடு என்னும் ஊரினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார். அறிவு நிலையத்து ஒலிபெருக்கி அச்சொல்லை ஊரெங்கும் பரப்பிற்று. மக்கள் கரையை விட்டகன்று உயிர் தப்பினர். அன்று நம் கீழ்க்கரையிலே மாண்டார் பல்லாயிரவர். அவர்க்கு அத்தகைய சொல் ஒன்றும் வந்தெய்தவில்லை. அதனை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் வருந்துகின்றது.

நம் கல்லூரியின் பழைய மாணாக்கருள் கணினித் துறையிலே பணிபுரிவோர் பலர் உளர். பிறந்த ஊருக்குக் கணினி வாங்கியனுப்புதல் நன்றே. ஆனால் அத்துடன் கடமை முடிந்ததென எண்ணுதல் கூடாது. உழவர்க்கும் மீனவர்க்கும் எச்செய்தி வேண்டுமென அவரையே கேட்டறிதல், அதனை எளிய தமிழில் ஆக்குதல், உற்ற காலத்தில் அவர் செவியிற் சேர்த்தல் ஆகிய இம்மூன்றும் நிகழாவிடின், கணினி மேசைமேற் கிடந்து தூசு படியும். நிகழ்ந்தால், ஏழையின் உழைப்பு வீண் போகாது.