மாக்கியவெல்லி: பெயர் சொல்லான வரலாறு

ஆங்கில நூல்களையும் செய்தித்தாள்களையும் பயில்வோர் 'மாக்கியவெல்லியன்' என்னும் சொல்லை அடிக்கடி காண்பர். சூழ்ச்சி மிக்க, வஞ்சகமான, அறம் பாராத என்பனவே அதற்கு அகராதிகள் கூறும் பொருள். ஆயின், அப்பெயருக்குரியார் யார், அவர் உண்மையில் யாது கூறினார் என்பவற்றை நம்மிற் பலர் ஆராய்வதில்லை. அவற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

மாக்கியவெல்லி என்பது இத்தாலியக் குடும்பப் பெயர். 'தீய ஆணி' எனப் பொருள்படும் தொடரினின்றும் அது பிறந்ததென்பர். நிக்கொலோ மாக்கியவெல்லி 1469ஆம் ஆண்டிற் புளோரன்சு நகரிற் பிறந்தார். 1498 முதல் 1512 வரை அந்நகர்க் குடியரசின் செயலாளராகவும் தூதுவராகவும் பணிபுரிந்தார். குடியரசு வீழ்ந்து மெடிச்சிக் குடும்பத்தார் மீண்டதும் பதவியிழந்தார்; 1513இற் சதி செய்தாரென்னும் ஐயத்தாற் சிறைப்பட்டு வதையுண்டார். விடுதலை பெற்றபின், நாட்டுப்புற வீட்டிலிருந்து அவ்வாண்டிலேயே எழுதியது 'இளவரசன்' என்னும் சிறுநூல். அவர் 1527இல் இறந்தார். நூல் 1532இலேயே அச்சேறியது. 1559இற் கத்தோலிக்க திருச்சபை அவர்தம் நூல்களைத் தடைசெய்தது.

'இளவரசன்' ஆங்கிலத்தில் அச்சில் வந்தது 1640இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே மார்லோ தமது 'மால்ற்றா யூதன்' நாடகத்தின் முன்னுரையை மாக்கியவெல்லியின் ஆவியே கூறுவதாக அமைத்தார். சேக்சுபியரும் ஆறாம் என்றி நாடகத்தின் மூன்றாம் பாகத்தில் அப்பெயரைக் கொலைத்தொழிலோடு சேர்த்தார். எனவே, ஆங்கில மக்களிடம் பழி முந்தியது, நூல் பிந்தியது.

அச்சொல்லை ஆளும் முறையையும் மாணவர் அறிதல் நன்று. பெயரினின்றும் வந்தமையால் அதனைப் பேரெழுத்திலேயே தொடங்குவர். வெறுங் கொடுமையை அது குறியாது. பகைவனை வெளிப்படையாகத் தாக்குவோன் கொடியவன். புன்முறுவலோடு நண்பர் இருவரைப் பிரித்து, அப்பிளவினாற் பதவி பெறுவோனே 'மாக்கியவெல்லியன்'. கிறிஸ்டி, கைசு என்னும் அமெரிக்க உளவியலார் 1970இல் வெளியிட்ட நூலில் இக்குணத்தை அளத்தற்கு வினாநிரலும் வகுத்தனர்.

நம் மொழியிலும் பெயர் சொல்லாதல் உண்டு. கலகம் மூட்டுவோனைச் 'சகுனி' என்கிறோம். அரசியல் நுட்பமுடையாரைச் 'சாணக்கியர்' என்போம். அது பெரும்பாலும் புகழுரையே. அரசியலை ஒளிவின்றி எழுதிய இருவருள் ஒருவர் பெயர் புகழாகவும், மற்றவர் பெயர் வசையாகவும் நின்றமை சிந்திக்கத்தக்கது.

அவ்வசை முற்றும் பொருந்துமா? அரசன் நரியின் தந்திரமும் சிங்கத்தின் வலிமையும் உடையனாதல் வேண்டுமென்றும், வேண்டியவிடத்து வாக்குத் தவறலாமென்றும் அவர் எழுதியது மெய்யே. ஆயின், 'முடிவு நன்றாயின் எவ்வழியும் தகும்' என அவர் எழுதினாரென்பது தவறு. அவ்வாசகம் அந்நூலில் இல்லை. உரோம வரலாற்றாசிரியர் லிவியைப்பற்றிய தமது உரைகளிலோ குடியரசையும் மக்களின் சுதந்திரத்தையும் அவர் போற்றினார். ஒரு சிறுநூலின் சில அதிகாரங்களே அவர் பெயரின் பொருளாயின.

சொல்லை விலக்குக என்பது நம் கருத்தன்று. அது ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது. ஆயினும், விவாத மேடையிலே அப்பெயரை ஒருவர்மீது எறியுமுன், அவர் நூலை ஒருமுறையேனும் பயிலுதல் கற்றோர் கடன். கேள்விப்பட்ட பழியைக் கொண்டு மனிதரை அளவாமை நம் கல்லூரி மாணவர்க்கு அணியாகுக.