மறக்கக் கூடாதென்று சமைத்த விருந்து

புனித வியாழன் மாலைத் திருப்பலிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஆடு அடிக்கும் முறையைத்தான். சிரம்பான் விசிட்டேஷன் ஆலயமானாலும் ரோமாபுரியானாலும் அன்று முதல் வாசகம் விடுதலைப் பயண நூலின் பன்னிரண்டாம் அதிகாரம். மெதடிஸ்ட், லூத்தரன் சபையாரின் வேதாகமத்தில் இந்த நூலுக்கு யாத்திராகமம் என்று பெயர். மாதத்தின் பத்தாம் நாள் குறையில்லாத ஓர் ஆட்டுக்கடாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதினான்காம் நாள் அந்தியில் அடிக்க வேண்டும். இரத்தத்தை இரண்டு நிலைக்கால்களிலும் மேல் சட்டத்திலும் பூச வேண்டும். இறைச்சியை நெருப்பில் வாட்டி, புளிப்பில்லாத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அன்றிரவே உண்ண வேண்டும். இடுப்பில் கச்சை, காலில் செருப்பு, கையில் கோல், உண்பதும் அவசரமாக. ஒரு வீட்டுக்கு ஓர் ஆடு மிஞ்சும் என்றால் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நான் மறைக்கல்வி வகுப்பு எடுத்த காலத்தில் இந்தப் பகுதி வரும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்ட கேள்வி, “சாப்பாட்டுக்கு எதுக்கு டீச்சர் செருப்பு?” என்பது. அந்தக் கேள்விக்குள்தான் பாஸ்கா முழுவதும் இருக்கிறது. யூதரும் கிறிஸ்தவரும் காத்துவரும் இந்த விருந்தைப் பற்றி, ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எகிப்தில் இஸ்ரயேல் மக்கள் அடிமைகள். சேறு மிதித்துச் செங்கல் அறுப்பது அவர்கள் வேலை. வைக்கோலை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் கணக்கில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று பார்வோன் கட்டளையிட்டதாக வேதம் சொல்கிறது. மோசே வருகிறார், எகிப்தின்மீது வாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பத்தாவது வாதை தலைப்பிள்ளைகளின் சாவு. இரத்தம் பூசிய வீடுகளை அந்தச் சாவு கடந்து போகிறது. அந்த நள்ளிரவிலேயே அடிமைகள் வெளியேறுகிறார்கள். பிசைந்த மாவு புளிக்கக்கூட நேரமில்லை. அதனால்தான் காலில் செருப்பு, அதனால்தான் புளிப்பில்லாத அப்பம். பின்னால் வரும் தலைமுறைகளும் ஆண்டுதோறும் இதே உணவை உண்ண வேண்டும் என்றும், பிள்ளைகள் காரணம் கேட்டால் சொல்ல வேண்டும் என்றும் அதே அதிகாரத்தில் கட்டளை இருக்கிறது.

எருசலேமில் கோயில் இருந்தவரை ஆடு அங்கேதான் பலியானது. கி.பி. 70இல் ரோமர்கள் அந்தக் கோயிலை இடித்தார்கள். பலிக்கு இடமில்லாமல் போனதும் விருந்தின் பாரம் வீட்டு மேசைக்கு வந்தது. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூலில் இந்த இரவின் ஒழுங்கு எழுதப்பட்டிருக்கிறது. கடைசி ஏழையும் அன்று சாய்ந்து அமர்ந்துதான் உண்ண வேண்டும். சாய்ந்து உண்பது அக்காலத்தில் சுதந்திர மனிதனின் வழக்கம். நான்கு கிண்ணம் திராட்சை இரசத்துக்குக் குறையக் கூடாது. வாங்க வழியில்லாதவனுக்குத் தர்மப் பணத்திலிருந்தாவது கொடுக்க வேண்டும்.

இன்று யூத வீடுகளில் நடக்கும் இந்தச் சடங்குக்கு செதேர் என்று பெயர். மேசையில் மட்சா என்ற புளிப்பில்லாத அப்பம் மூன்று இருக்கும். மாவில் தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து பதினெட்டு நிமிடத்துக்குள் அது சுட்டு முடிந்திருக்க வேண்டும். அடிமை வாழ்வின் கசப்புக்குக் கசப்புக் கீரை. செங்கல் சேற்றை நினைத்துப் பழமும் கொட்டைகளும் சேர்த்து அரைத்த பழுப்பு நிற விழுது. கண்ணீருக்கு ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீர். வீட்டின் கடைக்குட்டி எழுந்து, இந்த இரவில் மட்டும் ஏன் எல்லாம் மாறியிருக்கிறது என்று கேட்கும். பெரியவர்கள் கதை சொல்லத் தொடங்குவார்கள். முன்னோரை விடுவித்த கதை என்று தள்ளி வைத்துச் சொல்லக் கூடாது. எகிப்தை விட்டுத் தானே வெளியேறியதாக ஒவ்வொருவரும் எண்ண வேண்டும் என்பது மரபு. பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி இரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். எகிப்தியரும் மாண்டார்களே, நம் மகிழ்ச்சி முழுக் கிண்ணமாக இருக்கலாமா என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். எதிரியின் துயரத்துக்கும் மேசையில் இடம் வைத்த இந்த வழக்கத்தைப் படித்த நாளில் என் மனம் நெகிழ்ந்துபோனது.

இந்த விருந்து வருவது யூதரின் நிசான் மாதப் பௌர்ணமி இரவில். பல ஆண்டுகளில் நம் பங்குனி உத்திரத்துக்கும் அதே நிலாதான். கிறிஸ்தவரின் உயிர்ப்புப் பெருவிழாவும் வசந்த காலத்து முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு.

நம் மலேசியாவில் இன்று யூத சமூகம் இல்லை. பினாங்கில் 1805இல் தொடங்கிய யூதர் கல்லறைதான் மிஞ்சியிருக்கிறது. தமிழருக்கு மிக அருகில் பாஸ்கா கொண்டாடியவர்கள் கொச்சி யூதர்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய அவர்களுடைய பரதேசி ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. ஐரோப்பிய யூதர் பலர் பாஸ்கா வாரத்தில் அரிசியைத் தொட மாட்டார்கள். கொச்சி யூதர் அரிசி உண்டார்கள். ஆனால் புளித்தது ஒரு துணுக்கும் கலந்துவிடக் கூடாது என்பதில் அவர்களுக்கு இருந்த கண்டிப்பு பேர்போனது. வீட்டைத் துடைத்து, தனிப் பாத்திரம் எடுத்து, அரிசியை மணி மணியாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். 1948இல் இஸ்ரேல் நாடு உருவான பிறகு, 1950களில் அவர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள்.

இயேசு யூதர். அவர் கைதான இரவில் சீடர்களோடு உண்டது பாஸ்கா விருந்து என்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதுகிறார்கள். யோவான் கணக்கு வேறு: பாஸ்காவுக்கு முந்திய நாளே இயேசு சிலுவையில் இறந்துவிடுகிறார், கோயிலில் ஆடுகள் அடிபடும் அதே நாளில். பாஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கக் கூடாது என்ற பழைய சட்டத்தை நினைவூட்டுவதுபோல, இயேசுவின் எலும்பும் முறிக்கப்படவில்லை என்று அவர் குறித்து வைக்கிறார். இரண்டு கணக்கையும் ஒன்றாக்க அறிஞர்கள் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். விசுவாசிக்கு இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. அடிமைகளை விடுவித்த அந்த இரவு நீண்டு, பாவத்திலும் சாவிலும் அகப்பட்ட எல்லாரையும் வந்து தொடுகிறது. கிறிஸ்துவே நம் பாஸ்கா ஆடு என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அப்பத்தை எடுத்து இது என் உடல் என்றும், கிண்ணத்தை எடுத்து இது என் இரத்தம் என்றும் இயேசு சொன்னது அந்த மேசையில்தான்.

கத்தோலிக்கருக்கு அது நற்கருணை. புளிப்பில்லாத அப்பத்தையே இன்றும் பயன்படுத்துகிறோம். மெதடிஸ்ட் சபையில் அது திருவிருந்து. அவர்கள் மதுவுக்குப் பதில் திராட்சைச் சாறு ஊற்றுவதற்குப் பின்னால் அமெரிக்காவின் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் இருக்கிறார். சாறு புளித்து மதுவாகாமல் காக்கும் வழியை 1869இல் அவர் செய்து காட்டினார். உயிர்ப்புத் திருவிழிப்பு இரவில் பல வாசகங்களில் சிலவற்றை நேரம் கருதி விடலாம். செங்கடல் கடந்த வாசகத்தை மட்டும் எந்தப் பங்கிலும் விடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அடிமைகள் தப்பிய கதையைச் சொல்லாமல் உயிர்ப்பைச் சொல்ல முடியாது.

எங்கள் தோட்டத்தில் பாஸ்கா விருந்துக்குச் சாட்சியாக ஒரு வீடு இருந்தது. கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டு அம்மாச்சி கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். புனித வியாழன் அன்று அவர் வீட்டு அடுப்படியில்தான் நான் நிற்பேன். ஊறவைத்த பச்சரிசியையும் உளுந்தையும் அரைத்து, தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் சேர்த்துக் கெட்டியாகக் கரைப்பார். மற்ற நாளில் ஆப்ப மாவு கள்ளில் பொங்கும்.

“கள்ளு ஊத்தலையா அம்மாச்சி?”

“இன்னிக்கி வேண்டாம் மோளே. பொங்கறதுக்கு நேரமில்லாம எறங்கிப்போன ராத்திரி இது.”

தட்டில் ஊற்றி ஆவியில் வைக்கும் முன், குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையில் இரண்டு துண்டு கிழித்துச் சிலுவையாக மாவின்மேல் பதிப்பார். வெந்ததும் அப்பம் வெள்ளையாக, தொட்டால் கனமாக இருக்கும். தேங்காய்ப்பாலில் வெல்லம் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்ட பெசகா பால் பக்கத்தில். பெசகா என்பது பாஸ்காவின் மலையாளப் பெயர். வெல்லம் கிடைக்காத ஆண்டில் குலா மலாக்கா. இரவு செபம் முடிந்து வீட்டுத் தலைவர் அப்பத்தை வெட்டி, மூத்தவர் தொடங்கி இளையவர் வரை கொடுப்பார். எல்லாரும் இரு கையும் நீட்டி வாங்குவார்கள். அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் இதைச் சுட மாட்டார்கள்; உறவும் அக்கம்பக்கமும் கொண்டுபோய்க் கொடுக்கும். ஆடு மிஞ்சினால் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள் என்ற பழைய கட்டளை அந்த வராந்தாவரை வந்திருந்தது.

அதே வியாழன் திருப்பலியில் குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். விருந்தின் நடுவே இயேசு சீடரின் கால்களைக் கழுவினார் என்று எழுதியவர் யோவான் மட்டுமே. ஓர் ஆண்டு என் அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். ரப்பர் பால் வெட்டும் கால். பாளம் பாளமாக வெடிப்பு, கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த தழும்பு. புறப்படும் முன் கிணற்றடியில் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“சாமியார் கழுவப்போற காலை எதுக்குப்பா இப்படித் தேய்க்கிறீங்க?”

“அவரு முன்னால அழுக்குக் காலை நீட்டலாமாம்மா?”

பேதுருவும் முதலில் தன் காலைக் கழுவ வேண்டாம் என்றுதான் மறுத்தார். துரை பங்களாவின் படி ஏறியிராத கால் அப்பாவுடையது. அதன் முன்னே குருவானவர் மண்டியிட்டார், நீர் வார்த்தார், துவாலையால் ஒற்றினார், குனிந்து முத்தமிட்டார். நம் தீபகற்பத்தில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை இல்லை. சபா, சரவாக்கில்தான் உண்டு. மறுநாள் விடியுமுன் அதே கால்கள் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய் வரிசையில் நின்றன. ஆனாலும் அப்பா அன்று நிமிர்ந்து நடந்தார். சுதந்திர மனிதனாகச் சாய்ந்து அமர்ந்து உண் என்று மிஷ்னா ஏழைக்குச் சொன்னதன் பொருள் எனக்கு அப்பாவின் அந்த நடையில்தான் புரிந்தது.

இந்த விருந்தின் வரலாற்றில் கறையும் உண்டு. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் புனித வாரம் யூதருக்கு அச்சத்தின் வாரம். பாஸ்கா அப்பத்தில் கிறிஸ்தவக் குழந்தையின் இரத்தம் கலக்கிறார்கள் என்ற கொடும்பொய்யைப் பரப்பி யூதரைக் கொன்றார்கள். இயேசுவின் சாவுக்காக யூத இனம் முழுவதையும் குற்றம் சாட்டக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. இந்த வரலாற்றை நினைத்துத்தான், இன்று சில கிறிஸ்தவக் குழுக்கள் தாங்களே செதேர் நடத்துவதை நான் விரும்புவதில்லை. இப்போதுள்ள செதேர் ஒழுங்கு கோயில் இடிந்த பிறகு யூத ஆசிரியர்கள் வளர்த்தெடுத்தது. இயேசு உண்டது அப்படியே இதுதான் என்று சொல்ல இடமில்லை. அது இன்றும் உயிரோடு இருக்கும் இன்னொரு மக்களின் சொத்து. அழைத்தால் விருந்தாளியாகப் போகலாம். நம் மேசை நற்கருணை.

ஆனால் யூதரிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு, எந்த மதத்துத் தமிழரானாலும்: பட்ட துயரத்தை மேசையில் வைத்துச் சொல்வது. எங்கள் வீட்டில் சயாம் பேச்சு எழுந்தால் பாட்டி உடனே பேச்சை மாற்றிவிடுவார். சோற்று நேரத்தில் அழுகை ஆகாது. பெரியப்பா 1943இல் சயாம்–பர்மா இரயில் பாதை போட ஜப்பானியரால் கொண்டுபோகப்பட்டவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அப்படிப் போனார்கள், திரும்பாதவர் ஏராளம். அதற்கு முன்னே ஒப்பந்தக் கூலி முறை, 1910இல் அது ஒழிந்த பின்னும் கங்காணி முறை என்று நம் கதையும் கட்டுண்ட உழைப்பின் கதைதான். யூதர்கள் கண்ணீரை உப்புத் தண்ணீராக்கி மேசை நடுவில் வைத்தார்கள். நாம் அதை வாய்க்குள் விழுங்கினோம். சிரம்பான் 2, செண்டாயான் என்று புதுநகர்கள் எழும்பிய நிலத்தில் நேற்றுவரை ரப்பரும் செம்பனையும் நின்றன. லயமும் போய், மரமும் போய், சொல்லும் ஆளும் போய்விட்டால் பேரப்பிள்ளைக்கு எதைக் காட்டுவோம்?

பொங்கலோ தீபாவளியோ கிறிஸ்துமஸோ, குடும்பம் ஒன்றாக உட்காரும் நாள் எல்லா வீட்டிலும் உண்டு. சோறு பரிமாறும் முன் கடைக்குட்டியைக் கேட்கச் சொல்லுங்கள். நாம் எந்தத் தோட்டத்துக்கு வந்தோம், யார் கூட்டி வந்தது, சயாமுக்குப் போனவர் யார், திரும்பியவர் யார், காட்டில் பசித்தபோது என்ன சாப்பிட்டார்கள் என்று அது கேட்கட்டும். மரவள்ளிக்கிழங்கு என்று பாட்டி சொன்னால் அன்றைக்கு ஒரு தட்டு மரவள்ளிக்கிழங்கும் அவித்து வையுங்கள். அழுகை வந்தால் வரட்டும். விடை தெரிந்தவர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.